பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குச் சில்லுப் பொருத்தும் முறை: உயரம் முதலில், றிம் கடைசியில்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் திருத்தி எடுக்க முனைபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது சில்லுகளைத்தான். இயந்திரம் இன்னும் லேத் பட்டறையில் கிடக்கும், தளத்தகட்டின் துரு ஓட்டைகள் அடைபடாமல் இருக்கும், ஆனால் பளபளப்பான நான்கு றிம்கள் மட்டும் வந்திறங்கி வீட்டு விறாந்தையில் அடுக்கப்பட்டிருக்கும். கடைசியில் காரைத் தரையில் இறக்கும்போது ரயர் மட்காட்டில் உரசுகிறது. அல்லது பின்பக்கம் தூக்கிக்கொண்டும் முன்பக்கம் குனிந்தும் நிற்கிறது. அல்லது ஒரு பக்கச் சில்லு வெளியே துருத்தியும் மறுபக்கச் சில்லு உள்ளே ஒளிந்தும் தெரிகிறது. கார் தரையில் நிற்கும் வாகைத் தீர்மானிப்பவை அதன் உடற்கட்டும் ஸ்பிரிங்குகளும் அச்சும் ஆகும். அவை ஒழுங்காகி, கார் தன் முழு எடையோடு நின்ற பிறகு, மட்காட்டுக்குள் மிஞ்சும் இடத்தை அளந்து, அந்த அளவுக்கு வாங்கவேண்டிய பொருளே சில்லு.

இங்கே எம்.ஜி.பி.யை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான இந்தக் காருக்கு உதிரிப்பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன, அதன் அளவுகளும் நன்கு அறியப்பட்டவை. எம்.ஜி. மிட்ஜெட், ட்ரயம்ப் ஸ்பிட்பயர் போன்றவற்றை வைத்திருப்பவர்களுக்கும் முறை ஒன்றுதான். எண்கள் மாறும் இடங்களை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

மட்டக்களப்பில் இந்த வேலையைச் செய்பவர் மனத்தில் வைத்திருக்கவேண்டிய உள்ளூர் விடயங்கள் இரண்டு உண்டு. ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக இருக்கும் இந்த மண்ணில் உப்புக் காற்று எந்தத் திறந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. அடுத்தது தெரு: பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்கு வந்து சேரும் ஏ4 நெடுஞ்சாலை நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கையில் மணலும், மழைக்காலப் பள்ளமும், பாடசாலை வாசலில் வேகத்தடையும் காத்திருக்கின்றன. ஐரோப்பியப் படங்களில் தெரிவதுபோல் தரையோடு ஒட்டி நிற்கும் எம்.ஜி.பி. ஒன்று காத்தான்குடியிலிருந்து கல்லடிக்கு வந்து சேர்வதற்குள் புகைக்குழாயை இழந்துவிடக்கூடும். அந்தக் காரில் தரைக்கு மிக அருகே தொங்குவது அதுதான்.

உடற்கட்டைச் சோதித்தல்

எம்.ஜி.பி.க்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடல்தகடே அதன் முதுகெலும்பு. இரண்டு கதவுகளுக்கும் கீழே ஓடும் பெட்டி வடிவான பகுதி உக்கிப்போனால் கார் நடுவில் தொய்யும், அதன்பின் எந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும் நிற்கும் வாகு சரிவராது. இதைக் கண்டுபிடிக்கக் கதவை மூடி, கதவுக்கும் பின் மட்காட்டுக்கும் இடையிலுள்ள பிளவை மேலும் கீழும் அளந்து குறித்துக்கொண்டு, பின்பு முன்பக்கத்தை ஜக்கில் மெதுவாக உயர்த்தி மீண்டும் அளக்கவேண்டும். பிளவு கண்ணுக்குத் தெரியும்படி மாறினால் வேலை சில்லில் இல்லை, வெல்டிங்கில் இருக்கிறது.

அடுத்துச் சில்லு வளைவுகளைப் பார்க்கவேண்டும். அரை நூற்றாண்டுக்குள் எத்தனையோ ரிங்கர்மார் (தகட்டு வேலை செய்பவர்கள்) கைவைத்திருப்பார்கள். வளைவின் விளிம்பில் தகட்டைவிடப் பட்டி (பள்ளங்களை நிரப்பும் பூச்சு) தடிப்பாக இருப்பது சாதாரணம். ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி விளிம்பு முழுவதும் நகர்த்தினால் அது பிடிக்காத இடங்கள் தெரிந்துவிடும். உட்புறமாகப் பட்டி புடைத்திருந்தால் அது ரயருக்கு உரிய இடத்தைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அதைச் சுரண்டி, தகட்டைச் சரிசெய்த பிறகே அளவெடுக்கவேண்டும்.

பின் அச்சு நடுவில் இருக்கிறதா என்பதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. இரு வளைவுகளின் உச்சியிலிருந்தும் நூல்குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் பிரேக் டிரம்மின் முகத்துக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் அளந்தால் வேறுபாடு வெளிப்படும். பல எம்.ஜி.பி.க்களில் இடது பின்பக்கத்தில் இடைவெளி சற்றுக் குறைவாகவே இருக்கும். சில மில்லிமீற்றர் வேறுபாட்டைப் பொருட்படுத்தத் தேவையில்லை, ஆனால் வாங்கப்போகும் சில்லை அந்தக் குறுகிய பக்கத்துக்கே அளக்கவேண்டும். வேறுபாடு பெரிதாக இருந்தால் ஸ்பிரிங் மாட்டும் கொக்கிகள், தேய்ந்த புஷ்கள் (மூட்டுகளிலுள்ள இறப்பர் உறைகள்), ஸ்பிரிங் பட்டைகளை ஊடுருவி நிற்கும் நடு ஆணி ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். அந்த ஆணி முறிந்திருந்தால் அச்சு முன்பின்னாகவும் நகர்ந்திருக்கும்.

ஸ்பிரிங்குகளும் புஷ்களும்

எம்.ஜி.பி.யின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்குகளும் பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங்குகளும் உள்ளன. நெம்புகோல் வகை ஷொக் அப்சோபர்கள் எண்ணெய் கசிந்து பழுதடைந்திருந்தாலும் அவை காரின் உயரத்தை மாற்றுவதில்லை. உயரம் ஸ்பிரிங்குகளின் வேலை மட்டுமே. ஆகவே “ஷொக்கை மாற்றினால் கார் எழும்பும்” என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம்.

பட்டை ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புதியது வாங்குவதே முதல் தெரிவு. அது இயலாதபோது பழைய பட்டைகளைக் கழற்றி மீண்டும் வளைத்தெடுக்கலாம். அம்பாறை மாவட்டத்தில் நெல் ஏற்றும் லொறிகளுக்கும் உழவு இயந்திரப் பெட்டிகளுக்கும் பட்டை அடித்துப் பழகிய கைகள் இருக்கின்றன; ஆனால் அவர்கள் பழகியிருப்பது பாரம் தாங்கும் ஸ்பிரிங்குகளுக்கு என்பதால், எவ்வளவு வளைவு வேண்டும் என்பதைத் தரையில் சோக்குக் கட்டியால் வரைந்து கொடுத்துவிடவேண்டும், மேலதிகப் பட்டை சேர்க்கவேண்டாம் என்றும் சொல்லிவிடவேண்டும். இல்லாவிட்டால் கார் பின்பக்கம் தூக்கி நிற்பதோடு, வெறுமையாக ஓடும் லொறியைப் போல் துள்ளவும் செய்யும். இரண்டு பக்க ஸ்பிரிங்குகளையும் ஒன்றாகவே செய்விக்கவேண்டும்.

முன்பக்கத்தில் பலரும் மறந்துவிடும் ஒரு பாகம் உண்டு. முன் குறுக்குச்சட்டம் உடலோடு பொருந்தும் இடத்தில் தடித்த இறப்பர் மெத்தைகள் இருக்கின்றன. அவை நசுங்கிப் போயிருந்தால் ஸ்பிரிங்குகள் புதிதாக இருந்தும் மூக்கு தாழ்ந்தே இருக்கும், சில வேளைகளில் ஒருபக்கம் மட்டும் தாழும்.

இறப்பர் புஷ்களை மாட்டும்போது கவனிக்கவேண்டிய விதி ஒன்று நிற்கும் வாகை நேரடியாகவே பாதிக்கிறது. கார் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போது பட்டை ஸ்பிரிங்கின் முன் கண்ணிலுள்ள போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், உலோக உறையோடு ஒட்டப்பட்ட இறப்பர் அந்தத் தொங்கு நிலையிலேயே பிடிபட்டுவிடும். கார் இறங்கும்போது இறப்பர் முறுக்கப்பட்டு, அதுவே இன்னொரு ஸ்பிரிங்காகக் காரைத் தூக்கிப் பிடிக்கும், சில மாதங்களில் கிழிந்தும் போகும். போல்ட்டுகளைக் கையிறுக்கமாக விட்டு, காரைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, மூலைகளை அமுக்கிவிட்ட பிறகே முழு இறுக்கம் கொடுக்கவேண்டும். முன் சஸ்பென்ஷன் கைகளுக்குப் பலரும் விரும்பிப் போடும், எம்.ஜி.பி. வி8 மாதிரிக்கு வந்த உலோக உறைப் புஷ்களுக்கும் இது பொருந்தும்.

எந்த உயரம்

1974ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து வந்த கறுப்பு இறப்பர் பம்பர் எம்.ஜி.பி.க்கள், அமெரிக்கச் சட்டம் வேண்டிய பம்பர் உயரத்துக்காக ஏறத்தாழ ஓர் அங்குலத்துக்கும் மேலாக உயர்த்தப்பட்டவை. முன்பக்கத்தில் குறுக்குச்சட்டமும் பின்பக்கத்தில் ஸ்பிரிங் அமைப்பும் மாறியதால், அவற்றுக்கும் அதற்கு முந்திய குரோம் பம்பர் கார்களுக்கும் ஒரே ஸ்பிரிங்கை வாங்கக்கூடாது. இறப்பர் பம்பர் காரைப் பழைய உயரத்துக்கு இறக்குவது பரவலாகச் செய்யப்படும் வேலை: பின்னால் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே கட்டை வைத்து நீண்ட யூ போல்ட் போடுவார்கள், முன்னால் குட்டையான சுருள் ஸ்பிரிங்கோ பழைய மாதிரிக் குறுக்குச்சட்டமோ போடுவார்கள். கட்டை வைக்கும்போது அச்சுக்கும் மேலுள்ள இறப்பர் தடுப்புக்கும் இடையிலான தூரம் கட்டையின் தடிப்பளவு குறைந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. அந்தத் தூரம் போதாவிட்டால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அச்சு உடலில் இடிக்கும்.

என் கருத்தில், கிழக்கு மாகாணத்தில் ஓடவிருக்கும் காருக்குக் குரோம் பம்பர் காலத் தொழிற்சாலை உயரமே கீழெல்லை. அதற்குக் கீழே போக எந்தக் காரணமும் இல்லை. தாழ்வாகத் தெரியவேண்டும் என்ற ஆசை பெரும்பாலும் வேறோர் இடத்தில் செய்த தவறிலிருந்து பிறக்கிறது; அதை ரயர் பற்றிய பகுதியில் விளக்குகிறேன்.

உயரத்தைத் தரையிலிருந்து மட்காட்டு விளிம்புவரை அளப்பது பயனற்றது, ஏனெனில் ரயரின் பருமனும் காற்றழுத்தமும் அதில் கலந்துவிடுகின்றன. சில்லின் நடுமையத்திலிருந்து நேர்மேலே வளைவின் உச்சிவரை அளக்கவேண்டும். அளக்கும்போது காரில் இயந்திரம், கியர்பெட்டி, இருக்கைகள், உதிரிச் சில்லு யாவும் இருக்கவேண்டும், எரிபொருள் தாங்கி பாதியாவது நிரம்பியிருக்கவேண்டும், தளம் சமமாக இருக்கவேண்டும். ஓட்டுநரின் எடைக்கு ஈடாக 25 கிலோ அரிசி மூட்டைகள் மூன்றை இருக்கையில் வைத்துக்கொள்ளலாம். புதிய ஸ்பிரிங்குகள் முதல் சில நூறு கிலோமீற்றர்களில் சற்று அமர்ந்துவிடும் என்பதால், பழைய சில்லுகளோடோ கடன்வாங்கிய சில்லுகளோடோ அவ்வளவு தூரம் ஓட்டிய பிறகு எடுக்கும் அளவே நம்பத்தக்கது. இடதுக்கும் வலதுக்கும் 10 மில்லிமீற்றருக்குள் வேறுபாடு இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம்.

ஸ்பிட்பயர்க்காரர்களுக்கு ஒரு சொல்: அந்தக் காரின் பின்பக்கம் குறுக்கு ஸ்பிரிங்கில் தொங்கும் ஊசல் அச்சு என்பதால் உயரத்தைக் குறைத்தால் சில்லின் மேற்பகுதி உள்ளே சாயும், கூட்டினால் கால் மடங்கியதுபோல் வெளியே சாயும். அங்கே உயரமும் சாய்வும் ஒரே அளவின் இரு முகங்கள். எம்.ஜி.பி.யின் விறைப்பான பின் அச்சில் இந்தச் சிக்கல் கிடையாது.

இடத்தை அளத்தல்

உயரம் அமர்ந்த பிறகுதான் சில்லுக்கு எவ்வளவு இடம் உண்டு என்ற கேள்வி எழுகிறது. இதற்கு மலிவான, ஆனால் மிக உண்மையான கருவி ஒன்று இருக்கிறது. வாங்க நினைக்கும் ரயரின் வெளிவிட்டத்துக்குச் சமமான வட்டத்தைப் பிளைவூட்டில் தச்சரிடம் அறுப்பித்து, அதே அகலத்துக்கு இரண்டு வட்டங்களை இடைக்கட்டைகளால் இணைத்து, நடுவில் ஹப்பில் (சில்லு பூட்டப்படும் நடுப்பாகத்தில்) மாட்டத் துளையிட்டுக்கொண்டால், அதை உள்ளும் வெளியும் நகர்த்திப் பார்க்கக்கூடிய ஒரு போலிச் சில்லு கிடைத்துவிடுகிறது.

முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஹப்பை ஜக்கால் மேல்நோக்கி இறப்பர் தடுப்பு வரை உயர்த்தி, ஸ்ரியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பார்க்கவேண்டும். சுருள் ஸ்பிரிங் மிகுந்த விசையை அடக்கி வைத்திருப்பதால், அதைக் கழற்றும் வேலையைத் தகுந்த கருவியும் பழக்கமும் உள்ளவரிடமே விடவேண்டும். பின்பக்கத்தில் அச்சின் ஒரு முனையை மட்டும் உயர்த்திச் சோதிக்கவேண்டும், ஏனெனில் தெருவில் ஒரு சில்லு மேட்டில் ஏறும்போதுதான் உரசல் நிகழ்கிறது. பட்டை ஸ்பிரிங்கில் நிற்கும் அச்சு திருப்பங்களில் பக்கவாட்டாகவும் சற்று நகரும். ஆகவே முன்பக்கத்தில் அசையாத பாகங்களிலிருந்து 10 மில்லிமீற்றர் போதுமென்றால் பின்பக்கத்தில் வெளிவிளிம்பில் 15 மில்லிமீற்றராவது நான் விடுவேன்.

முன் சில்லு நேராக நிற்காமல் மேற்புறம் சற்று வெளியே சாய்ந்து தெரிந்தால் பயப்படவேண்டியதில்லை. எம்.ஜி.பி.க்குத் தொழிற்சாலை கொடுத்த சாய்வே ஏறத்தாழ 1 பாகை வெளிநோக்கியதுதான். வளைவின் உச்சியில் அது சில மில்லிமீற்றரை எடுத்துக்கொள்ளும் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

ஓவ்செற் கணக்கு

சில்லின் அகலத்தின் சரிநடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் அமரும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரமே ஓவ்செற். முகம் நடுக்கோட்டைவிட வெளிப்பக்கமாக இருந்தால் அது கூட்டல். கூட்டல் எண் பெரிதாகப் பெரிதாகச் சில்லு காருக்குள்ளே போகும். அலோய் றிம்களின் உட்புறத்தில் ஈ.ரி. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இந்த எண் பெரும்பாலும் வார்க்கப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் றிம்மைக் குப்புறக் கிடத்தி, பின்விளிம்பின் குறுக்கே நேர்சட்டம் வைத்து, சட்டத்திலிருந்து அமரும் முகம் வரையான ஆழத்தை அளந்து, அதிலிருந்து றிம்மின் மொத்த வெளியகலத்தின் பாதியைக் கழிக்கவேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: 5.5 என்று குறிக்கப்பட்ட றிம்மில் அந்த ஐந்தரை அங்குலம் ரயர் அமரும் இடத்தின் அகலம். விளிம்புகளையும் சேர்த்த வெளியகலம் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் கூடுதலாக இருக்கும். வெளியகலம் 165 மில்லிமீற்றரும் பின்னாழம் 104.5 மில்லிமீற்றரும் என்றால் ஓவ்செற் 22 ஆகும்.

இப்போது 5.5 அங்குலமும் ஈ.ரி. 22உம் உள்ள றிம்மைக் கழற்றி, 6 அங்குலமும் ஈ.ரி. 15உம் உள்ள ஒன்றைப் போடுவதாக வைத்துக்கொள்வோம். முதலாவதன் அகலம் 139.7 மில்லிமீற்றர், அதன் பாதி 69.85, அமரும் முகத்திலிருந்து உள்ளே 91.85, வெளியே 47.85. இரண்டாவதன் அகலம் 152.4, பாதி 76.2, உள்ளே 91.2, வெளியே 61.2. அதாவது உட்புறம் அப்படியே இருக்க, வெளிப்புறம் மட்டும் 13 மில்லிமீற்றருக்குச் சற்று மேலாக வெளியே வருகிறது. பின் மட்காட்டில் அந்த 13 மில்லிமீற்றர் இருக்கிறதா என்பதைப் போலிச் சில்லு ஏற்கெனவே சொல்லியிருக்கும்.

அதே 6 அங்குல றிம் இன்றைய முன்சில்லு இயக்கக் கார் ஒன்றிலிருந்து வந்து ஈ.ரி. 38 ஆக இருந்தால் கதை வேறு: உட்புறம் 22 மில்லிமீற்றர் கூடுதலாக உள்ளே போய் ஸ்பிரிங்கையும் பிரேக்கையும் தொடப் பார்க்கும், வெளிப்புறம் கிட்டத்தட்ட 10 மில்லிமீற்றர் ஒடுங்கிக் கார் நோஞ்சானாகத் தெரியும். ஹப்புக்கும் றிம்முக்கும் நடுவே இடைவளையம் போட்டு வெளியே தள்ளலாம் என்பார்கள். போடுவதானால் ஹப்பின் நடுமேட்டில் இறுகப் பொருந்தும் வளையமாக இருக்கவேண்டும், ஸ்டட்டும் (நட்டு ஏறும்படி ஹப்பில் நீட்டி நிற்கும் புரியாணியும்) அதற்கேற்ற நீளமாக மாற்றப்படவேண்டும். இவ்விரண்டும் இல்லாத வளையத்தை இலவசமாகத் தந்தாலும் வாங்கக்கூடாது.

துளைவட்டம், ஸ்டட், நட்டு

உயிரோடு விளையாடும் பகுதி இதுதான் என்பதால் இதில் அவசரம் கூடாது. போல்ட் பூட்டும் எம்.ஜி.பி.க்கு நான்கு ஸ்டட், துளைவட்டம் (ஸ்டட்டுகளின் மையங்களை இணைக்கும் வட்டத்தின் விட்டம்) 114.3 மில்லிமீற்றர். மிட்ஜெட்டுக்கும் பழைய மினிக்கும் 101.6 மில்லிமீற்றர். ஸ்பிட்பயருக்கு 95.25 மில்லிமீற்றர். நான்கு ஸ்டட் கார்களில் எதிரெதிர் ஸ்டட்டுகளின் மையத்திலிருந்து மையம் வரை அளந்தாலே துளைவட்டம் கிடைத்துவிடும்.

நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் பாவித்த அலோய் றிம்கள் ஜப்பானியக் கார்களிலிருந்து வந்தவை. பின்சில்லு இயக்கமுள்ள பழைய கே.ஈ.70 கொரோலாவின் துளைவட்டம் 114.3 என்பதால் அதன் றிம் எம்.ஜி.பி.யின் ஸ்டட்டுகளில் ஏறும். ஓவ்செற்றையும் நடுத்துளையையும் பார்த்துத் தீர்மானிக்கலாம். ஆபத்தானது மிட்ஜெட், மினி வைத்திருப்பவர்களுக்கு வரும் ஆசை. பிந்திய கொரோலாக்கள் பலவற்றின் துளைவட்டம் 100 மில்லிமீற்றர், 101.6க்கும் அதற்கும் வேறுபாடு 1.6 மில்லிமீற்றர் மட்டுமே என்பதால் தட்டிக்கொட்டி ஏற்றினால் ஏறிவிடும். அப்போது ஒவ்வொரு துளையும் 0.8 மில்லிமீற்றர் விலகி நிற்க, ஸ்டட்டுகள் உட்பக்கம் இழுக்கப்பட்டு வளைந்தபடி இறுகும், நட்டின் கூம்பு முகம் ஒரு பக்கத்தில் மட்டுமே அமரும். சில்லு ஆடும், நட்டு தளரும், ஒருநாள் ஸ்டட் முறியும். துளையை லேத் பட்டறையில் நீட்டி அரைத்துத் தருகிறேன் என்பவரிடமும் கொடுக்கக்கூடாது.

நட்டின் புரியும் அதேயளவு முக்கியம். எம்.ஜி.பி.யின் ஸ்டட் அரை அங்குல யு.என்.எஃப். (அங்குல அளவிலான நுண்புரி வகை), மிட்ஜெட்டினதும் ஸ்பிட்பயரினதும் எட்டில் மூன்று அங்குல யு.என்.எஃப். ஜப்பானியக் கார்களின் 12 மில்லிமீற்றர் நட்டு இவற்றுக்குப் பொருந்தாது. நட்டு ஸ்டட்டின் விட்டத்துக்குச் சமமான ஆழமாவது புரியில் ஏறவேண்டும் என்பது பொதுவிதி. அதைச் சுற்று எண்ணிக்கையாகச் சொன்னால் எம்.ஜி.பி.க்குக் குறைந்தது 10 சுற்று, மிட்ஜெட்டுக்கு 9 சுற்று. எஃகுச் சில்லைவிட அலோய் றிம்மின் முகம் தடிப்பாக இருப்பதால் பழைய ஸ்டட்டில் இவ்வளவு சுற்றுக் கிடைக்காமல் போவது உண்டு. அவ்வாறாயின் நீண்ட ஸ்டட் போடாமல் காரைத் தெருவில் இறக்கக்கூடாது. நட்டின் அமரும் முகமும் றிம்மின் துளை வடிவமும், கூம்பானாலும் தட்டையானாலும், ஒன்றாகவே இருக்கவேண்டும்.

இறுக்கத்தை எம்.ஜி.பி.க்கு 60 முதல் 65 இறாத்தல் அடி, அதாவது 81 முதல் 88 நியூட்டன் மீற்றர் என்று தொழிற்சாலைக் கையேடு சொல்கிறது. ஸ்டட்டில் கிரீஸ் பூசவேண்டாம். பூசினால் இறுக்கம் காட்டும் சாவி (டோர்க் ரெஞ்ச்) அதே எண்ணைக் காட்டும்போது ஸ்டட் உரிய அளவைவிட மிகுதியாக இழுபட்டிருக்கும்.

கம்பிச் சில்லுகள்

கம்பிச் சில்லுக்கு (சைக்கிள் சில்லைப்போல் கம்பிகள் கோத்த சில்லுக்கு) வந்த எம்.ஜி.பி.யின் பின் அச்சு, போல்ட் சில்லுக்கு வந்த அச்சைவிடக் குறுகியது. சில்லு வகையை மாற்ற விரும்புபவர் இதை அறியாமல் போனால் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். போல்ட் அச்சில் கம்பிச் சில்லு மாட்டுவதற்கென்று குட்டையான மாற்று ஹப்கள் விற்கப்படுகின்றன. அவற்றை விட்டு வழமையான நீண்ட ஹப்பைத் தேடிப் போட்டால் சில்லு மட்காட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும்.

இந்தச் சில்லை ஹப்பில் பிடித்துவைக்கும் ஒற்றை நடு நட்டின் புரி இடதுபக்கச் சில்லில் வலப்புரியாகவும் வலதுபக்கச் சில்லில் இடப்புரியாகவும் இருக்கவேண்டும். அச்சைப் பிரித்துப் பூட்டும்போது ஹப்கள் பக்கம் மாறினால், கார் ஓடும்போதே நட்டுகள் தாமாகக் கழன்றுவரும். ஹப்பின் பல்வரிகள் கத்திமுனைபோல் கூராகியிருந்தால் அவை தேய்ந்துவிட்டன என்று பொருள். கார் முன்னும் பின்னும் அசையும்போது “டக்” என்று கேட்பதும் அதற்கே அறிகுறி. அப்படிப்பட்ட ஹப்பில் புதிய சில்லை மாட்டினால் அதுவும் சீக்கிரம் தேயும். பல்வரிகளுக்கு இங்கே தாராளமாகக் கிரீஸ் வைக்கவேண்டும். ஸ்டட்டுக்குச் சொன்ன விதி இதற்கில்லை. கம்பிகள் றிம்மை ஊடுருவும் பழைய வகைச் சில்லுக்கு ரியூப்பும், அதைக் கம்பிமுனை குத்தாமலிருக்க உள்நாடாவும் கட்டாயம்.

குரோம் கம்பிச் சில்லா, வண்ணம் பூசியதா என்று கேட்டால், கடற்கரையோரம் வாழ்பவருக்கு வண்ணம் பூசியதே நல்லது என்பேன். குரோம் முதலில் விடுவது கம்பி முனைகளில்தான். உப்பு அங்கே நுழைந்துவிட்டால் வெளியே பளபளப்பு இருக்கும்போதே உள்ளே கம்பி மெலிந்துபோகும். டச்பார்க் கடற்கரைப் பக்கம் ஓட்டிவந்த மாலையில் நல்ல தண்ணீரால் கழுவிவிடும் பழக்கமும் வேண்டும்.

ரயர்

காரின் நிற்கும் வாகைக் கெடுப்பதில் ரயரின் உயரத்துக்கு இருக்கும் பங்கைப் பலர் உணர்வதில்லை. எம்.ஜி.பி.க்குத் தொழிற்சாலைக் காலத்து ரேடியல் அளவுகளான 155, 165 ஆகியவற்றுக்கு நெருங்கிய இன்றைய அளவு 165/80 ஆர் 14. அதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 620 மில்லிமீற்றர். அகலமாகத் தெரியவேண்டும் என்று 185/60 ஆர் 14 போட்டால் விட்டம் 578 ஆகக் குறைகிறது. வேறுபாடு 42 மில்லிமீற்றர், ஆரத்தில் 21. கார் 21 மில்லிமீற்றர் தரைக்கு நெருங்கிவிட்டது, ஆனால் ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் 21 மில்லிமீற்றர் வெற்றிடம் புதிதாகத் தோன்றி, கார் உயர்ந்து நிற்பதுபோல் கண்ணுக்குத் தெரிகிறது. உடனே உரிமையாளர் ஸ்பிரிங்கை இறக்க நினைக்கிறார், வேகத்தடையில் புகைக்குழாய் போகிறது. ஸ்பிரிங்கைத் தொடாமல் சரியான உயரமுள்ள ரயரைப் போட்டிருந்தால் வெற்றிடமும் நிரம்பியிருக்கும், தரை இடைவெளியும் மிஞ்சியிருக்கும். வேகமானியும் இதில் சேர்ந்து பொய் சொல்லும்: சிறிய ரயரில் அது 60 என்று காட்டும்போது உண்மை வேகம் 56தான்.

175/70 ஆர் 14 அளவு ஏறத்தாழ 601 மில்லிமீற்றரோடு நடுத்தரமான, பாதுகாப்பான தெரிவு. 185/70 ஆர் 14 விட்டத்தில் 615 மில்லிமீற்றர் என்பதால் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் குரோம் பம்பர் காரின் இடது பின் மட்காட்டில் அது உரசக்கூடும் என்பதால் போலிச் சில்லால் சோதிக்காமல் வாங்கக்கூடாது. 15 அங்குல றிம் வேண்டுமென்பவர் 185/65 ஆர் 15ஐப் போட்டால் விட்டம் 621 மில்லிமீற்றராகப் பழைய கணக்கிலேயே நிற்கும்.

கடையில் 14 அங்குலத்தில் உடனே எடுத்துத் தருவது பெரும்பாலும் வான் ரயராக இருக்கும். அளவின் கடைசியில் சீ என்ற எழுத்துள்ள அவை பாரம் தாங்குவதற்காகப் பக்கச்சுவர் விறைப்பாகச் செய்யப்பட்டவை. ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைவான எடையுள்ள காரில் அவை துள்ளும், ஈரத் தெருவில் பிடிப்பும் குறையும். தயாரித்த காலத்தையும் பார்க்கவேண்டும்: பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இங்குள்ள வெயிலில் கடைவாசலில் ஆண்டுக்கணக்காக அடுக்கியிருந்த ரயரை, மேற்பரப்பு சற்றும் தேயாத புதியதாக இருந்தாலும், நான் எடுப்பதில்லை.

ரயர் சற்று உரசுகிறது என்பதற்காக மட்காட்டு விளிம்பை உருளையால் மடிப்பது மேலைநாட்டில் வழக்கம். எம்.ஜி.பி.யின் பின் வளைவு விளிம்பு உள்தகடும் வெளித்தகடும் சேர்ந்து புள்ளிப் பற்றவைப்பால் ஒட்டிய மடிப்பு. அதை உருட்டினால் மூட்டு திறக்கும், மூட்டுக்குள் உப்பீரம் போகும், இரண்டு மாரிக்குள் விளிம்பு முழுவதும் கொப்புளம் கிளம்பும். ஒரு படி ஒடுங்கிய ரயர் வாங்குவது அதைவிட மலிவு.

பூட்டிய பின்

உயரம் மாறினால் முன் சில்லுகளின் உள்நோக்கமும் (அவற்றின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் அளவும்) மாறும் என்பதால் அலைன்மென்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. எம்.ஜி.பி.யில் சரிசெய்யக்கூடியது இது ஒன்றுதான், அளவு 1.5 முதல் 2.3 மில்லிமீற்றர் உள்நோக்கம். அலைன்மென்ட் நிலையத்தின் கணினியில் இந்த மாதிரி இல்லாமல் போகலாம் என்பதால் அளவை எழுதிக் கையில் கொண்டுபோகவேண்டும். வீட்டிலேயே பார்க்க விரும்பினால், சில்லை உயர்த்திச் சுழற்றியபடி ரயரின் நடுவில் சோக்கால் கோடு போட்டு, இறக்கி, காரைச் சற்று முன்னே உருட்டி, இரு கோடுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஹப்பின் உயரத்தில் முன்னும் பின்னும் அளந்து கழிக்கலாம். இணைப்புத் தண்டுகளை இருபுறமும் சம அளவு திருப்பாவிட்டால் நேராகப் போகும்போது ஸ்ரியரிங் கோணலாக நிற்கும்.

பிறகு வளைவின் உள்விளிம்பில் சிறுவர் விளையாடும் களிமண்ணை விரல்தடிப்பில் ஒட்டி, இருவரை ஏற்றி, எரிபொருளை நிரப்பி, ஆளில்லாத நேரத்தில் ஒரு வேகத்தடையில் ஒவ்வொரு பக்கமாகச் சாய்வாக ஏறி இறங்கவேண்டும். பின்னோக்கி வரும்போது ஸ்ரியரிங்கைக் கடைசிவரை திருப்பியும் பார்க்கவேண்டும். களிமண் எங்கே எவ்வளவு வழித்தெடுக்கப்பட்டிருக்கிறது என்பது உரசலின் இடத்தையும் ஆழத்தையும் காட்டிவிடும். 50 கிலோமீற்றர் ஓடியதும், சில்லு ஆறிய பிறகு, நட்டுகளை மீண்டும் இறுக்கம் காட்டும் சாவியால் இறுக்கிப் பார்க்கவேண்டும். கம்பிச் சில்லின் நடு நட்டுகளை அதற்கு முன்பே, முதல் 15, 20 கிலோமீற்றரில், செம்பு அல்லது ஈயச் சுத்தியலால் தட்டிச் சோதித்துவிடவேண்டும். உதிரிச் சில்லுக்கும் அதே அளவு ரயர் போட்டு, அது காரின் பின்பெட்டிக்குள் அடங்குகிறதா என்பதை ரயர் கடையை விட்டு வெளியேறுவதற்கு முன்பே வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.